கொங்கு நாடு ஈன்ற தலைமையாசிரியர் பெரியசாமித் தூரன்



யூபிலி மலர் என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயர் பெருமக்களின் ஆசியுரைகள், பங்கைக் கட்டி வளர்த்த குருக்களின் வரிசை, கோயில் மணி வந்த கதை, கோபுரம் எழுந்த கதை, நன்கொடையாளர் பட்டியல் ஆகிய அனைத்தும் இம்மலரிலும் முறைப்படி இடம் பெற்றுள்ளன. இவற்றோடு வரலாற்றுக் கட்டுரை ஒன்றும் வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டபோது, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தோம். நம் பிள்ளைகள் கோயிலில் இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். பள்ளியில் இருப்பதோ நாள் முழுதும். அப்பள்ளியின் தலைவாயிலில் நிற்பவர் எத்தகையவர் என்பது பங்கின் எதிர்காலத்தைத் தொடும் செய்தியன்றோ?

நாம் எடுத்துக்கொண்டவர் கத்தோலிக்கர் அல்லர். முருக பக்தர், முருகன் மீது கீர்த்தனைகள் பல பாடியவர். "நம் யூபிலி மலரில் பிற சமயத்தார் ஒருவரின் வரலாறு எதற்கு, சாமி?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே நாளில், கிறிஸ்தவமல்லாத பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றியும் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்னது ஆசிரியப் பணியைத் தேவ அழைத்தலாகவே பேசுகிறது. பின்னது பிற சமயத்தாரிடம் காணப்படும் நன்மை எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் கொண்டால், இக்கட்டுரைக்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

ம. ப. பெரியசாமித் தூரன் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகிலுள்ள மஞ்சக்காட்டு வலசு என்ற சிற்றூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தூரன் என்பது அவர் பிறந்த கூட்டத்தின் பெயர். கொங்கு நாட்டில் 'வலசு' என்று முடியும் ஊர்கள் எத்தகையவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வீடு, ஒரு கிணறு, சுற்றிலும் மேட்டாங்காடு. வானம் பார்த்த பூமியில் கவலை ஓட்டி நீர் இறைத்த அந்நாளில், ஒரு பையனைத் தொடர்ந்து பள்ளிக்கு அனுப்புவதென்றால் காட்டு வேலைக்கு ஒரு கை குறையும் என்று பொருள். கோவை நகரத்தில் 1852இலேயே ஓர் ஆங்கிலப் பள்ளி தோன்றி, அதுவே பின்னர் அரசு கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1862இல் ஸ்டேன்ஸ் பள்ளி எழுந்தது. நம் திருச்சபையின் மறைபரப்பாளர்களும் பிற சபையாரும் நகரங்களில் பள்ளிகளைத் திறந்தனர். ஆயினும் வலசுக்கும் நகரத்துப் பள்ளிக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. அதைக் கடந்த முதல் தலைமுறைகளில் ஒருவரே தூரன். ஈரோட்டில் உயர்நிலைக் கல்வி முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி நாட்களைப் பற்றி இரு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, பாரதியாரின் எழுத்துக்களை அவர் தேடிய செய்தி. பாரதியார் 1921இல் மறைந்தார். சுதேசமித்திரன் நாளிதழில் அவர் எழுதியவற்றுள் பல, நூல் வடிவம் பெறாமல் பழைய இதழ்களிலேயே கிடந்தன. மாணவரான தூரன் அவ்விதழ்களைத் தேடிச் சென்று, ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையாலேயே படியெடுத்தார். நகல் எடுக்கும் பொறியோ, கைபேசியில் படமெடுக்கும் வசதியோ இல்லாத காலம். அவ்வாறு திரட்டியவை 1953இல் 'பாரதி தமிழ்' என்ற நூலாக வெளிவந்தன. எடுத்த காரியத்துக்கும் அதன் பலனுக்கும் இடையே சென்ற ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். நட்டவுடன் காய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் மனம் அவருக்கு இருந்ததில்லை.

இரண்டாவது, தேர்வைப் புறக்கணித்த செய்தி. 1931ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அத்துயரால் கொதித்த தூரன், இறுதித் தேர்வை எழுத மறுத்துவிட்டார். பி.ஏ. என்ற இரண்டெழுத்து ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றிவிடும் காலத்தில், வேளாண் குடியில் பிறந்த பையன் ஒருவன் செய்த செயல் இது. சரியா, தவறா என்று நாம் தீர்ப்பிட வரவில்லை. தமக்கு வரவேண்டிய நன்மையைக் கைவிடவும் துணிந்தவர் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். பின்னாளில் இதே குணம் அவர் வாழ்வில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது.

ஊர் திரும்பிய அவர் கோபிச்செட்டிபாளையம் வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1897இல் கொண்டாடப்பட்ட விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக எழுந்த பள்ளி அது. விழா என்றால் வாணவேடிக்கையோடு முடித்துவிடாமல் பள்ளிக்கூடமாக நிலைக்கச் செய்த கோபி மக்களை, யூபிலி கொண்டாடும் நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. அங்கிருந்து தூரன், கோவை மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கு ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் 1948 வரை பணியாற்றினார்.

வித்தியாலயத்தின் தோற்றத்தை இங்குச் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் 1903இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சட்டம் பயின்றவர், செல்வக் குடியினர், மணம் புரியாமல் வாழ்ந்தவர். 1930இல் அவர் வித்தியாலயத்தைத் தொடங்கியபோது, அன்று 'ஹரிஜன்' என்று அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனைக் கொண்டு தொடங்கினார். தீண்டாமை தலைவிரித்தாடிய நாட்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே பந்தியில் உண்ணும் குருகுலம் அது. 1934இல் காந்தியடிகள் பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

நிறுவனரோ விடுதலைப் போராட்ட வீரர். 1930, 1932, 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் சிறை சென்றார். 1935 முதல் மத்திய சட்டசபை உறுப்பினராக டில்லிக்கும் செல்ல வேண்டியிருந்தது. நிறுவனர் சிறையிலும் டில்லியிலும் இருந்த நாட்களில் காலை மணி அடித்தவர் யார்? விடுதிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அருகிருந்தவர் யார்? வகுப்பும் தோட்டமும் அடுப்பும் தடையின்றி நடந்தது எவ்வாறு? அங்கிருந்த ஆசிரியர்கள் அதைச் சுமந்தார்கள். நிறுவனரின் பெயர் கல்லில் இருக்கும். ஆசிரியரின் உழைப்பு பிள்ளைகளின் உடலிலும் உள்ளத்திலும் கரைந்துவிடும். குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அவினாசிலிங்கம் அவர்களே இதை முதலில் உணர்ந்திருந்தவர் என்பது, பின்னர் அவர் தூரனிடம் ஒப்படைத்த பொறுப்பிலிருந்து விளங்கும்.

விடுதியோடு கூடிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு மாலை நான்கு மணிக்கு வேலை முடிவதில்லை. தாயைப் பிரிந்து வந்து இரவில் விம்மும் சிறுவன், வகுப்பில் வாய் திறவாத சிறுவன், எதற்கெடுத்தாலும் அடிக்கப் பாயும் சிறுவன் ஆகிய எல்லாரும் விளக்கணைத்த பின்னரும் அவருடைய பொறுப்பே. இத்தகைய பிள்ளைகளைப் பிரம்பினால் அடக்குவதே நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். தூரன் பிள்ளைகளின் மனத்தைப் படிக்க முற்பட்டார். குழந்தை உள்ளம், தாழ்வு மனப்பான்மை, அடிமனம் ஆகியன அவர் எழுதிய நூல்களின் பெயர்கள். உளவியல் என்ற துறை தமிழ் வாசகருக்குப் புதியதாக இருந்த காலத்தில், அதை எளிய தமிழில் எழுதிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

'தாழ்வு மனப்பான்மை' என்ற சொல் இன்று நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. வியன்னா நகரத்து மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937) உலகறியச் செய்த கருத்து அது. ஆட்லர் மருத்துவமனையோடு நின்றுவிடாமல், வியன்னா பள்ளிகளோடு இணைந்து குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையங்களையும் நடத்தினார். ஆசிரியரும் பெற்றோரும் குழந்தையும் ஒன்றாக அமர்ந்து பேசும் இடங்கள் அவை. வியன்னாவில் பிறந்த இக்கருத்துக்குக் கொங்கு நாட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். நல்ல சட்டை இல்லாதவன், ஆங்கிலம் பேச வராதவன், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவன் என்று எத்தனை பிள்ளைகள் 'எனக்கு வராது' என்று தாமே முடிவு கட்டிக்கொள்கிறார்கள்! அம்முடிவை முதலில் காண வேண்டியவர் ஆசிரியர். காணாவிட்டால், மந்தமானவன் என்று பெயர் சூட்டுபவரும் அவரே.

பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 'மாயக்கள்ளன்', 'கொல்லிமலைக் குள்ளன்' போன்ற சிறுவர் கதைகளை எழுதினார். ஏர்க்காலிலும் ஏற்றத்திலும் களத்துமேட்டிலும் பாடப்படும் நாட்டுப் பாடல்களைத் திரட்டிக் 'காற்றில் வந்த கவிதை' என்று நூலாக்கினார். கிராமத்துப் பிள்ளையின் வீட்டில் வழங்கும் பாட்டும் அச்சேறத் தக்கதே என்று ஒரு தலைமையாசிரியர் காட்டினால், அப்பிள்ளை தன் வீட்டைக் குறித்து நாணுவதை விட்டுவிடுவான். தாழ்வு மனப்பான்மைக்கு இதைவிட நல்ல மருந்து உண்டோ?

இனி, அவர் வாழ்வின் பெருந்திருப்பத்துக்கு வருவோம். 1946இல் அவினாசிலிங்கம் அவர்கள் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். 1949 வரை அப்பொறுப்பில் இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முறையை அவர் உறுதிப்படுத்தினார். ஆணை பிறப்பிப்பது எளிது. அறிவியலையும் வரலாற்றையும் தமிழில் நடத்தச் சொன்னால், ஆசிரியர் எதைப் படித்துவிட்டு வகுப்புக்குச் செல்வார்? ஐயம் எழுந்தால் எந்த நூலைப் புரட்டுவார்? ஆங்கிலத்தில் பெரிய கலைக்களஞ்சியங்கள் இருந்தன. தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்து 1910இல் வெளியிட்ட 'அபிதான சிந்தாமணி' இருந்தது. அரிய நூல்தான், ஆனால் புராண, இலக்கியச் செய்திகளே அதில் மிகுதி. மின்சாரத்தைப் பற்றியும் நுண்ணுயிர்களைப் பற்றியும் தேடும் ஆசிரியருக்கு அது போதாது. ஆகவே, 1946இல் தொடங்கப்பட்ட தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழில் ஒரு முழுமையான கலைக்களஞ்சியம் உருவாக்கும் பணியை மேற்கொண்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியராக அவினாசிலிங்கம் தேர்ந்தெடுத்தவர், பெரியநாயக்கன்பாளையத்துத் தலைமையாசிரியரான தூரன்.

1948இல் தூரன் பள்ளியை விட்டுச் சென்னைக்குச் சென்றார். இதுவே நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம். ஒரு நல்ல தலைமையாசிரியர் தம் பள்ளியை விட்டுப் போவது நன்றா? அங்கிருந்த பிள்ளைகளுக்கு அது இழப்பே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயன் எப்போதும் பட்டியின் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. கோடை வந்து, புல் காய்ந்துவிட்டால் மேய்ச்சல் தேடி முன்னே நடக்க வேண்டியவனும் அவனே. ஆண்டவர் தம்மை நல்ல ஆயன் என்று அழைத்தபோது, ஆயன் ஆடுகளுக்கு முன்னே செல்கிறான் என்றும் கூறினார் அல்லவா? தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலம் இல்லை என்பதை வகுப்பறையில் கண்டறிந்த ஒருவர், அதைத் தேடிச் சென்றார். வேறு எவரையும்விட அவருக்கே அது தகும். பள்ளிப் பிள்ளைக்கு எது புரியும், எது புரியாது என்பதை அறிந்தவர் அன்றோ!

அப்பணி எளிதாயிருக்கவில்லை. பல துறை அறிஞர்களிடமும் கட்டுரை கேட்டுப் பெற வேண்டும். அவர்களுள் பலர் தம் துறையை ஆங்கிலத்திலேயே கற்றவர்கள். தமிழில் எழுதிப் பழகாதவர்கள். கலைச்சொற்கள் ஒரு நிலைக்கு வந்திராத காலம். ஒருவர் ஒரு சொல்லை ஆள்வார். மற்றவர் அதே பொருளுக்கு வேறொரு சொல்லை ஆள்வார். இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்து, அகர வரிசைப்படுத்தி, படம் சேர்த்து, அச்சுப் பிழை பார்த்து வெளியிட வேண்டும். பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திப் பழகிய கைக்கு ஏற்ற வேலைதான். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968இல் வெளிவந்தது. இருபது ஆண்டு உழைப்பு! அவ்வாண்டே இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அறுபது வயதாகிவிட்டது, இனி ஓய்வு கொள்ளலாம் என்று அவர் எண்ணவில்லை. குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று தொடங்கி, அதையும் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976க்குள் முடித்தார். பெரியவர்களுக்கான பணி முடிந்ததும் அவர் குழந்தைகளிடமே திரும்பினார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. பள்ளியை விட்டு வந்தபோதும் தலைமையாசிரியர் என்ற பொறுப்பை அவர் விட்டுவிடவில்லை. 1987ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் உருவாக்கிய களஞ்சியங்களை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகக் கணினியிலேயே படிக்கலாம்.

இவ்வரலாறு கத்தோலிக்கராகிய நமக்கு அந்நியமானதன்று. தமிழில் அகர வரிசை அகராதிக்கு வழி வகுத்த 'சதுரகராதி'யை 1732இல் தொகுத்தவர் நம் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அக்குருவானவர், தமிழ் கற்போருக்குக் கைநூல் இல்லாத குறையைக் கண்டு அதைச் செய்தார். அவருக்கும் முற்பட்டவர், ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் (1651–1719). செல்வக் குடியில் பிறந்து, ரேம்ஸ் பேராலயத்தில் பெருமதிப்பும் வருமானமும் உள்ள பதவியில் இருந்த அவர், அதைத் துறந்து ஏழைப் பிள்ளைகளின் ஆசிரியர்களோடு வாழ்ந்தார். அக்காலப் பள்ளிகளில் இலத்தீன் மொழியிலேயே வாசிக்கக் கற்பித்தனர். லசால் அதை மாற்றி, பிள்ளைகள் வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கினார். ஏழையின் பிள்ளை ஓரிரு ஆண்டுகளே பள்ளியில் இருப்பான். அதற்குள் அவனுக்குப் பயன்படுவது தாய்மொழியே என்பது அவர் கண்ட உண்மை. பதவி துறந்த ரேம்ஸ் நகரத்துப் புனிதரும், தேர்வைத் துறந்த மஞ்சக்காட்டு வலசுத் தமிழரும் ஒருவரையொருவர் சந்தித்திருந்தால், பேசுவதற்கு நிறைய இருந்திருக்கும்!

பங்கு மக்களே, இனி நம்மைப் பற்றிச் சிறிது பேசுவோம். சூன் மாதம் பிறந்தால் நம் பெற்றோர் பலர் பள்ளிகளைச் சுற்றி அலைகிறார்கள். "ரிசல்ட் எப்படி? இங்கிலீஷ் மீடியமா? பஸ் வருமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதாம். ஆனால் "இப்பள்ளியின் தலைமையாசிரியர் யார்? கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தூரனும் ஆங்கிலம் கற்றவரே. ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழ்ப் பிள்ளைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வீட்டில் பேசும் மொழியில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்பிலும் நற்செய்தி வாசகத்தின்போதும் நாம் காண்கிறோம். மதிப்பெண் பட்டியலில் இக்குறை தெரிவதில்லை. வாசக மேடையில் தெரிந்துவிடுகிறது.

மற்றொன்றும் உண்டு. நம் பங்கிலிருந்து பொறியாளரும் செவிலியரும் கணினிப் பணியாளரும் உருவாகியிருப்பது கண்டு ஆண்டவருக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் 'நான் ஆசிரியராவேன்' என்று சொல்லும் பிள்ளையை ஊக்குவிக்கும் வீடுகள் குறைந்து வருகின்றன. வேறு எதுவும் கிடைக்காதவன் செல்லும் வேலை என்று அதைப் பேசும் வழக்கம் வந்துவிட்டது. குருத்துவ அழைத்தலுக்காக நாம் வாரந்தோறும் செபிக்கிறோம். நல்ல ஆசிரியர்களுக்காகவும் இனி நம் மன்றாட்டுக்களில் ஒரு வரி சேர்த்துக்கொள்வோம். செபத்தோடு, வீட்டுப் பேச்சும் மாற வேண்டும்.

இந்த யூபிலி ஆண்டு முடியும் வரை பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்து வைக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு முதன்முதலில் எழுத்தறிவித்தவர், தாழ்ந்திருந்தபோது தூக்கிவிட்டவர், வீடு தேடி வந்து மறுபடியும் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் ஆகிய ஆசிரியர்களின் பெயர்களை, எந்தச் சமயத்தவராயினும், அதில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதித் தரட்டும். யூபிலி நிறைவுத் திருப்பலியில் அப்பெயர்கள் அனைத்தும் பீடத்தில் வைத்து ஒப்புக்கொடுக்கப்படும். மறைந்தோருக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியையும், இன்று வகுப்பறையில் நின்று உழைப்போருக்கு உடல் நலத்தையும் பொறுமையையும் அருள்வாராக.